மூலையில் மஞ்சள் இல்லாத அட்டை

மதுரையில் நகைக்கடை வைத்திருக்கிற எவனுக்குப் பெட்டி வேண்டுமென்றாலும் முதலில் என்னைத்தான் தேடி வருவான். நான் கையில் எடுத்தால் அட்டை தானாகவே மடிந்து உட்காரும். ஆயிரம் பெட்டி செய்த கை இது.

பொய். ஷேர் ஆட்டோ ஓட்டிய கை இது. வாழ்க்கையில் இரண்டே இரண்டு பெட்டிதான் செய்திருக்கிறேன். ஒன்று பத்து வயதில். இன்னொன்று போன வாரம். இரண்டாவதை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மண்டப வாசலில், சீர்த்தட்டு வரிசையில் கடைசியாக, ரோஸ் ஜிகினா ஒட்டி ஒரு பக்கம் கோணலாக இருக்கிறதே, அதுதான். "எந்தக் குருடன் செஞ்சது?" என்று நம்மோடு ஆடு மேய்த்த இவன் கேட்டான். இந்தக் குருடன்தான் மாப்ளே.

அக்கா பேத்திக்கு இன்றைக்குக் காதுகுத்து. பந்தி போட இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் அந்த முதல் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆடு மேய்த்த காலத்திலிருந்து உங்களிடம் ஆயிரம் கதை விட்டிருக்கிறேன். இதை மட்டும் விட்டதில்லை.

நான் பள்ளிக்கூடம் போன அழகு உங்களுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தேன். மறு வருடமும் அங்கேயே உட்கார்ந்தேன். மூன்றாவது வருடம் நான் உட்கார்ந்த இடத்தில் வாத்தியார் வேறு பையனை உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு வண்டியூர்க் கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்க வந்தவன்தான். என் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கோலம். புள்ளி இருக்கிற கோலம், புள்ளி இல்லாத கோலம், அவ்வளவுதான்.

அப்போது பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்தார்கள். கேக்கை அன்றைக்கே தின்றுவிட்டோம். அது வந்த பெட்டியைத்தான் என்னால் விட முடியவில்லை. கெட்டி அட்டை, மேலே பச்சைத்தாள், மூடியில் வெள்ளிப் பொடி. அக்கா ரிப்பன் போட்டு வைக்க எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். நான் அதைத் திருடி, ஒட்டின இடத்தில் எச்சில் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். பிரித்துத் தரையில் விரித்தால், அடேயப்பா, பெட்டியைக் காணோம். நடுவில் ஒரு சதுரம், நாலு பக்கமும் நாலு சிறகு, மூலையில் சின்னச் சின்ன நாக்கு. இம்புட்டுத்தானா என்று இருந்தது. மடித்தால் பெட்டி, பிரித்தால் தாள். திரும்ப மடிக்கத் தெரியாததால் அக்காவிடம் அடி வாங்கினேன். ஆனால் அந்தச் சிலுவை மாதிரி உருவம் கண்ணில் பதிந்துவிட்டது.

அந்த மார்கழியில்தான் அம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்தார். எனக்குத் தாய்மாமன். கொட்டாம்பட்டிப் பக்கம் அவருக்கு ஊர், விவசாயம். அவர் எங்கள் வாசல்படி ஏறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஏன் என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை விளங்காது. அம்மாவைப் பெற்ற தாத்தா செத்தபோது, சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சேதி தாமதமாகப் போனது. மருமகன் கோடித்துணி போட வேண்டும் இல்லையா, புது வேட்டி வாங்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது பாடை தெருமுனை தாண்டிவிட்டது. இறக்கச் சொல்லி அப்பா கெஞ்சியிருக்கிறார். "எடுத்தாச்சு மச்சான், இனிமே எதுக்கு? மூட்டைய எறக்கிட்டு மெதுவா வாங்க" என்றாராம் மாமா, ஊர் முன்னால். அப்பா அந்த வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார். நான் பார்த்தேன். மடிப்புக் கலையவே இல்லை.

அதன் பிறகு பதினாறாம் நாள் கருமாதி. மதுரைச் சொந்தத்துக்குப் பத்திரிகை கொடுக்கும் வேலை அப்பாவுடையது. ஆனால் மதுரையிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. பந்தியில் போட்ட இலை காற்றில் பறந்ததாம். பூராப் பேருக்கும் கொடுத்தேன், வராததற்கு நான் என்ன செய்ய என்று அப்பா தெப்பக்குளத்து மாரியைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்தார். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

தாத்தாவுக்குத் தலைத்திவசம் முடிந்து, மாமா புதுசாக மச்சு வீடு கட்டி, இப்போது அவரே பத்திரிகையோடு வந்து நிற்கிறார்.

"யக்கா, தை மாசம் பால் காய்ச்சுறோம். ஒங் கையாலதான் பால் பொங்கணும். நீ வரலேன்னா அடுப்பே பத்தவைக்க மாட்டேன்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இம்புட்டு நாளாச்சாடா ஒனக்கு?" என்றாள். அப்பா கொல்லைப் பக்கம் போனவர் மாமா கிளம்பும் வரை வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா நடந்த நடையே வேறு. பித்தளையில் ஒரு காமாட்சி விளக்கு வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கடைக்காரன் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தான். "தம்பி வீட்டுக்கு இப்படி மீன் மாதிரி சுத்திக்கிட்டா போறது?" என்று அம்மா வருத்தப்பட்டாள்.

"பொட்டி நான் செய்றேன்" என்றேன்.

"நீயா? ஆட்டுக்குக் கழுத்துல கயிறு கட்டுனா கால்ல நிக்கிது. நீ பொட்டி செய்யப் போறியா?" என்றாள் அக்கா. அந்த ரோஷத்தில்தான் இறங்கினேன்.

அக்காவின் சார்ட் தாளில் செய்து பார்த்தேன். விளக்கை வைத்ததும் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளியது. கெட்டி அட்டை வேண்டும். வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன, எல்லாவற்றிலும் நாலு மூலையில் மஞ்சள் தடவி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. அப்போதுதான் கொல்லையில் குளிக்கிற மறைப்புத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு உரச்சாக்குப் பொட்டலம் செருகியிருப்பதைப் பார்த்தேன். அப்பா செருகியது என்று தெரியும். அவர் பொருளைத் தொட்டால் முதுகுத்தோல் உரியும் என்றும் தெரியும். பிரித்தேன். உள்ளே கட்டுக்கட்டாக அட்டை. வெள்ளை வெளேரென்று, மொடமொடவென்று. ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. எவனும் தொடாத புது அட்டை என்று குதித்தேன்.

சிரிக்காதீர்கள். ஏன் ஒருத்தனும் சிரிக்கவில்லை? சரி, உங்களுக்குப் புரிந்துவிட்டது. பத்திரிகை மூலையில் மஞ்சள் இல்லையென்றால் அது என்ன பத்திரிகை என்று நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அதை வீட்டுக்குள்ளேயே வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சாவு வீட்டுச் சோற்றில் அப்பளம் உண்டா இல்லையா என்பதைத் தவிர வேறு எதிலும் எனக்கு அக்கறை இருந்ததில்லை.

ஒரு வாரம் வேலை நடந்தது. மைதா மாவைக் காய்ச்சிப் பசை. தீர்ந்துபோன ரீபிலால் மடிக்கிற இடத்தில் அழுத்தி ஒரு கோடு, அப்படிக் கோடு போட்டால்தான் அட்டை முறியாமல் மடியும். பக்கத்துக்கு இரண்டு அட்டையை முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டினேன். வெளியே ரோஸ் ஜிகினாத்தாள். மூடியைச் சுற்றி அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த ஜரிகைக் கரை. மூடியின் மூலை ஒன்று மட்டும் சேரவே இல்லை. பசையை அப்பிச் சமாளித்தேன்.

உள்பக்கத்துக்குத் தாள் ஒட்டவில்லை. தாள் இல்லாமல் இல்லை, வேண்டாமென்று விட்டேன். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. டீச்சரம்மா வீட்டில் ஒரு நகைப்பெட்டி பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் உள்ளே கடைப் பெயர் அச்சடித்து, சுற்றிக் கட்டம் போட்டிருக்கும். இந்த அட்டையிலும் எழுத்து இருக்கிறது, சுற்றிக் கறுப்பாகப் பட்டைக் கட்டம் இருக்கிறது. எவ்வளவு தோது! எழுத்து உள்பக்கம் தெரிகிற மாதிரி, மூடியில் நட்டநடுவில் வருகிற மாதிரி, அளந்து அளந்து ஒட்டினேன். தலைகீழாக ஒட்டியிருந்தாலாவது பாதித் தப்பு குறைந்திருக்கும். நேராகத்தான் ஒட்டியிருந்தேன்.

அம்மா பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது, மூலைகள் மடிப்புக்குள் போய்விட்டதால் மஞ்சள் இல்லாததும் கண்ணில் படவில்லை.

"அட்டை ஏதுடா?"

"டீச்சரம்மா குடுத்தாக."

"உள்ள என்னடா எழுதியிருக்கு?"

"கடைப் பேரும்மா. நகைப் பொட்டில இருக்கும்ல, அது மாதிரி."

"எந்தக் கடைடா?"

"நம்ம கடைதான்!"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினாள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மெதுவாக. அவளைப் பெற்றவர் பெயர் மேலேதான் ஓட்டினாள். இரண்டு பேருக்குமே தெரியாது.

அப்பா கண்ணில் படாமல்தான் செய்தேன், அக்காவிடமும் காட்டவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும். குறை சொல்லுவாள் என்று காட்டவில்லை. காட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அப்பா வரவில்லை என்றுவிட்டார். அக்காவுக்குப் பரீட்சை. நானும் அம்மாவும்தான் பஸ் ஏறினோம். பெட்டி என் மடியில். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரிடமிருந்தும் முழங்கையால் அதைக் காப்பாற்றிக்கொண்டு போனேன்.

மாமா வீட்டு வாசலில் பந்தல், வாழை, மேளம். புதுச் சுண்ணாம்பு வாசனை. மாமா ஓடி வந்து அம்மா கையைப் பிடித்தார். "யக்கா வந்துட்டா, பானைய எடுங்கப்பா!" மாமா பெண்டாட்டி, எனக்கு அத்தை, பால் பானையை அம்மா இடுப்பில் வைத்தாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

"என்னக்கா இது, ஜோரா பொட்டியெல்லாம்?" என்று மாமா என் கையிலிருந்து வாங்கினார். "மருமகனே, நீ தூக்கிட்டு வந்தியா?" மூடியைத் திறந்தார்.

விளக்கை எடுக்கப் போன கை நின்றது. மூடியையே பார்த்தார். வாய் மட்டும் அசைந்தது, எழுத்துக் கூட்டுகிற மாதிரி. பெட்டிக்குள் பார்த்தார். நாலு பக்கமும் அதேதான்.

எட்டிப் பார்த்த அத்தைதான் கத்தினாள். "அய்யய்யோ! பால் காய்ச்சுற வீட்டுக்குள்ள கருமாதிப் பத்திரிகையா! யாரு செத்துப் போகணும்னு இதக் கொண்டாந்தீக?"

மேளம் நின்றது. மாமா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்தார். இரண்டு அட்டை. இன்னொரு பக்கம். இரண்டு அட்டை. எல்லாம் ஒரே பெயர்.

"எங்கய்யாவோட பத்திரிகை" என்றார். சத்தமே இல்லை. "மச்சான் பூராப் பேருக்கும் குடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணாரேக்கா. குடுக்காம வச்சிருந்து, பொட்டி செஞ்சு, எம் புது வீட்டுக்கு அனுப்புறாரா?"

அம்மா பானையோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். பத்திரிகை, சத்தியம், அவள் விரல்.

மாமா என் முன்னால் குனிந்தார். "டேய், பொட்டி யாரு செஞ்சது?"

ஒரு வாரமாகத் தெருவில் போகிற நாயிடம்கூட நான்தான் செய்தேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் போதும். படிக்காத பயல், தெரியாமல் செய்துவிட்டான் என்று இரண்டு அறை விழுந்திருக்கும். அப்பா பத்திரிகையை ஒளித்த தப்பு தப்பாகவே இருந்திருக்கும், அது மனம் நொந்த ஒருத்தனின் தப்பு, பேசித் தீர்த்திருக்கலாம்.

"அப்பா" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பசை காய்ச்சியதையும் அட்டை வெட்டியதையும் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள். அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. அத்தை வந்து இடுப்பிலிருந்து பானையைப் பிடுங்கி வேறு யாரிடமோ கொடுத்தாள். அம்மா குனிந்து விளக்கை எடுத்து, தூசி இல்லாத விளக்கை முந்தானையால் துடைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் வரும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

வீட்டில் அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "பத்திரிகைய எங்க வச்சிருந்தீக?"

அப்பா கொல்லைக்குப் போனார். தகரத்தை விலக்கிப் பார்த்தார். பாதிக் கட்டு இல்லை. திரும்பி வந்து என்னைப் பார்த்தார். என் நகக்கண்ணில் ரோஸ் ஜிகினா ஒட்டியிருந்தது.

"நீங்கதான் செஞ்சு அனுப்புனீகன்னு நெனைக்கிறாக" என்றாள் அம்மா.

"நெனச்சுட்டுப் போறாக" என்றார் அப்பா.

என்னை அடிக்கவில்லை. ரொம்ப நாள் வரைக்கும் அவர் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் நினைத்தேன். எங்கப்பா மாதிரி உண்டா என்று உங்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நானே மூன்று பிள்ளைக்கு அப்பனாகி, மருமகன்களிடம் முறைத்துக்கொண்டு நிற்கும்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பையன் தெரியாமல் செய்தான் என்று போய்ச் சொன்னால், அட்டை உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்களே. அவர் பொய்க்குள் நானும், என் பொய்க்குள் அவரும் ஒளிந்துகொண்டோம். வெளியே நின்றது அம்மா மட்டும்.

அந்த விளக்கை அவள் ஏற்றவே இல்லை. டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையை என்னிடம் நீட்டி, "மூலையப் பாத்துட்டுத் தொடுடா" என்றாள். அவ்வளவுதான்.

ஆட்டோ ஓட்ட வந்து, பஸ் போர்டு பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா மிச்சக் கட்டை எரித்தபோது ஒரே ஒரு அட்டையை எடுத்து வைத்திருந்தேன். அதை முழுதாகப் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. தாத்தா பெயர். கீழே 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்று போட்டு மாமா பெயர். அதற்குக் கீழே அப்பா பெயர்.

அப்பா போனார். பிறகு அம்மாவும் போனாள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை யார் கையிலோ வந்தது. மாமா தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். பாடையை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இப்போது அக்காதான் கொட்டாம்பட்டிக்கே போய், மூலையில் மஞ்சள் வழிய வழியத் தடவி, பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எண்பது தாண்டிய ஆள். வருகிறேன் என்றாராம். அவருக்கு மரியாதை செய்கிற தட்டில் என்ன வைக்கலாம் என்று அக்கா கேட்டாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பிறகு கடைக்குப் போய் வெள்ளை அட்டை வாங்கினேன், மஞ்சளும் இல்லாத எழுத்தும் இல்லாத அட்டை. அதே அளவு, அதே ரோஸ். உள்பக்கம் இரண்டு சுற்றுத் தாள் ஒட்டினேன். வேறு பெட்டி செய்யலாம் என்றுதான் பார்த்தேன், கைக்கு வேறு தெரியவில்லை. மூடியில் அதே மூலைதான் சேர மாட்டேன் என்கிறது. விளக்கை உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

எதற்கு இதை உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்த வயதில் அவரிடம் போய் என்னத்தைச் சொல்வது? அப்பா பெயரைக் கழுவலாம், பாதிதான் கழுவலாம், பத்திரிகையை ஒளித்தது ஒளித்ததுதானே. சும்மா இருந்துவிட்டால் எல்லாரும் பாயசம் குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். காலையிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அவராகக் கேட்டால் சொல்வேன். கேட்கவில்லையென்றால் பந்தியில் போய் உட்காருவேன். எங்கே கேட்கப் போகிறார், கண்ணும் சரியாகத் தெரியாது என்கிறார்கள், நாலு தட்டோடு அஞ்சாவது தட்டு, அதில் ஒரு கோணல் பெட்டி, அதைப் போய்...

"டேய் தம்பி! இங்கன ஒக்காந்து என்ன கத அளந்துக்கிட்டு இருக்க? வெரசா வா. மாமா வந்துட்டாரு."

"ஒக்கார வையிக்கா, வாரேன்."

"எங்கிட்டு ஒக்காருறாரு? அந்தப் பொட்டியத் தொறந்து வெளக்கக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. பொட்டி யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு."